வழியில் நின்ற வண்டி: வீடு சேரும்வரைக்கான கைவைத்தியம்

இடம்பெயர்ந்து வாழும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. இருப்பது ஓரிடம், காணி வேறிடம். இடையில் பத்துக் கட்டையோ பதினைந்து கட்டையோ கிரவல் பாதையும் காட்டுப் பாதையும் குளக்கட்டும் உள்ளன. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். விதை நெல்லும், உரப்பையும், பிள்ளைகளும், சில வேளைகளில் நோயாளியும் அதே பெட்டியில்தான் பயணம் செய்கிறார்கள். இத்தகைய பாதையில் வண்டி நின்றுவிட்டால் கராஜ் கிடையாது. உதிரிப்பாகம் விற்கும் கடை கிடையாது. தொலைபேசி இருந்தாலும் பல இடங்களில் அதற்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை.

கையில் உள்ளதைக் கொண்டு வண்டியை வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். இதனை நாம் கைவைத்தியம் என்று அழைக்கலாம். பாம்புக் கடிக்கு வீட்டில் செய்யும் முதலுதவி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மாற்று ஆகாது. அதுபோலவே இங்கு சொல்லப்படும் முறைகளும் சரியான திருத்தத்துக்கு மாற்று ஆகமாட்டா.

எமது மக்களின் அனுபவம்

இந்தக் கலை எமக்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோலும், பற்றரியும், உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களும், பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் உண்டு.

இதில் மந்திரம் எதுவுமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஆவியாகும். இதே தத்துவத்தில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் பெர்குசன் உழவு இயந்திரம் 1949இலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கென அமைக்கப்படாத எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்போது தட்டும், புகைக்கும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டி வந்தது. இவ்வாறு ஓடிய பல எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. 2002இல் தடை தளர்ந்தபின் மக்கள் மீண்டும் பெற்றோலுக்கே திரும்பினர். கைவைத்தியம் எம்மை வீடு சேர்க்கும் என்பதையும், அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அந்த ஆண்டுகள் எமக்குக் காட்டின.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

காட்டுப் பாதையில் நிற்கும் வண்டிகளில் பல, புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் நின்றிருக்க மாட்டா. தண்ணீர், ஒயில், எரிபொருள், ரயர்களின் காற்று, சில்லு நட்டுக்கள், பெட்டியைக் கொழுவும் ஆணி, பெல்ற்றின் இறுக்கம் ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். சூடு மிதிக்கும் காலத்தில் இன்னுமொன்று சேரும். பதரும் தூசியும் ரேடியேற்றரின் கண்களை அடைத்துவிடும். காற்று வடிகட்டியும் அடைபடும். ரேடியேற்றரை மென்மையான தூரிகையாலோ தண்ணீராலோ உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு பழைய உரப்பையில் பின்வருவனவற்றைப் போட்டு வண்டியிலேயே கட்டி வையுங்கள்:

1. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய நீண்ட பட்டிகள்.
2. கட்டுக்கம்பி, நைலோன் கயிறு, குறடு, வண்டிக்குப் பொருந்தும் சாவிகள், திருப்புளி.
3. காற்றுப் பம், ஒட்டுப்போடும் சாமான்கள், அரத்தாள்.
4. சலவைச் சவர்க்காரம் ஒரு துண்டு, சுத்தமான துணி.
5. ஐந்து லீற்றர் தண்ணீர். குடிக்கும் தண்ணீரை வேறாக வையுங்கள்.
6. மேலதிகமாக ஒரு பெல்ற். மோட்டார் சைக்கிளாயின் ஒரு பிளக், ஒரு கிளச் கேபிள், ஒரு சங்கிலிப் பூட்டு.
7. ரோச் லைற், ஒரு சிவப்புத் துணி.

வண்டி நின்றதும் முதலில் செய்ய வேண்டியது

வண்டி நின்றதும் எல்லோரும் குதித்து இறங்கி, தடி வெட்டவும் கல் பொறுக்கவும் பற்றைக்குள் போவது வழக்கம். இங்கே மிகவும் கவனம் தேவை. வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து, பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுள்ளது. ஆயினும் வேலை முற்றாக முடியவில்லை. எனவே தெரியாத இடத்தில், அல்லது மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில், பாதையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது. முட்டுக் கொடுக்கக் கல் தேவையெனில் வந்த சில்லுத் தடத்திலேயே திரும்பி நடந்து எடுங்கள். மலசலம் கழிக்கவும் பற்றைக்குள் போக வேண்டாம். ஒரு நாள் உழவை இழந்தால் மறுநாள் உழலாம்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பெட்டியிலிருந்து பிள்ளைகளை இறக்குங்கள். அதன்பின் யோசியுங்கள். டீசல் எஞ்சினுக்கு டீசல், காற்று, உள்ளே இறுகும் அமுக்கம் ஆகிய மூன்றும் தேவை. பெற்றோல் எஞ்சினுக்கு இவற்றோடு தீப்பொறியும் தேவை. இவற்றுள் எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புகையும் வழி காட்டும். கறுப்புப் புகை காற்றுப் போதாது அல்லது பாரம் கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால்

தாங்கியில் டீசல் முடியும்வரை ஓடிவிட்டு, பின்னர் போத்தலில் டீசல் கொண்டுவந்து ஊற்றினாலும் எஞ்சின் இயங்காது. குழாய்க்குள் காற்று நிற்பதே காரணம். பற்றரி இறங்கும்வரை ஸ்ராற் அடித்துப் பயனில்லை. முறை இதுதான்:

1. வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள்.
2. நான்கு சில்லு உழவு இயந்திரமாயின் டீசல் பம்மின் பக்கத்திலுள்ள கைநெம்பை அடியுங்கள். தாங்கி மேலே உள்ள லான்ட்மாஸ்ரரில் டீசல் தானாகவே இறங்கும்.
3. முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியில்லாமல் டீசல் மட்டும் வந்ததும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குங்கள்.
4. இஞ்செக்ரர் பம்மிலுள்ள திருகாணியிலும் இவ்வாறே செய்யுங்கள்.
5. பின்னும் இயங்காவிட்டால் இஞ்செக்ரருக்குப் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றுங்கள். டீசல் துளித்து வந்ததும் இறுக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இஞ்செக்ரரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகமுடையது. காயம் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகவே தெரியும். உள்ளே தசை அழுகிவிடும். கையை நீட்டிப் பார்க்க வேண்டாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லான்ட்மாஸ்ரரைக் கைபிடியால் சுற்றி இயக்குவோர் பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் பின்னுதைத்தால் கைபிடி உருவிப் போகும், மணிக்கட்டு முறியாது.

எஞ்சின் கொதித்தால்

கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக் கூடாது. நீராவி முகத்தில் அடிக்கும். நிழலில் நிறுத்தி அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். பின்னர் தடித்த சாக்கை மூடியின்மேல் போட்டு மெல்லத் தளர்த்துங்கள். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைக் குபீரென ஊற்றினால் இரும்பு வெடிக்கும். சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குளத்து நீராயின் துணியால் வடியுங்கள். லான்ட்மாஸ்ரர்களில் நீர் ஆவியாகிக் குறையும் வகையும் உண்டு. அதில் குறைந்த அளவைப் பார்த்து விட்டுக்கொண்டு போகலாம்.

றப்பர்க் குழாய் வெடித்திருந்தால் அவ்விடத்தைத் துடைத்துக் காயவிட்டு, சைக்கிள் ரியூப் பட்டியை நன்றாக இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி மூடும்படி சுற்றுங்கள். இழுத்துச் சுற்றுவதில்தான் பலன் இருக்கிறது. இரு முனைகளையும் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். மூடியை முழுதும் இறுக்காமல் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டும் தாங்கும். அதற்குப் பதிலாக அடிக்கடி நின்று நீரின் அளவைப் பார்க்க வேண்டும். முட்டை வெள்ளை, மிளகுத்தூள் போன்றவற்றை ரேடியேற்றருக்குள் போடுவோர் உள்ளனர். கசிவு சில வேளைகளில் அடைபடும், ஆனால் நல்ல குழாய்களும் சேர்ந்து அடைபடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள். வீடு வந்ததும் முழுதும் கழுவுங்கள்.

விசிறி பெல்ற் அறுந்தால் நைலோன் கயிற்றை இறுக்கிக் கட்டிச் சிறிது தூரம் போகலாம். முடிச்சுச் சிறிதாக இருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஐந்து நிமிடம் ஓடி, நிறுத்தி, ஆறவிட்டு, மீண்டும் ஓடுங்கள். சூடு காட்டும் முள் ஏறிய பின்னும் ஓடினால் பெல்ற்றின் விலை மிச்சமாகும், எஞ்சின் போய்விடும்.

எரிபொருள் தாங்கி கசிந்தால்

சலவைச் சவர்க்காரத்தை ஈரமாக்கிப் பிசைந்து வெடிப்பினுள் அழுத்தித் தேயுங்கள். பெற்றோலும் டீசலும் சவர்க்காரத்தைக் கரைப்பதில்லை. சிறு கசிவு நிற்கும். மேலே றப்பர்ப் பட்டியால் கட்டுங்கள். மழையில் நனைந்தால் சவர்க்காரம் கரைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த நேரத்தில் பீடி, சுருட்டு, அரிக்கன் லாம்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வெறுமையான தாங்கியை ஊரில் அப்படியே ஒட்டக் கொடுக்கவும் கூடாது. எண்ணெய் தீர்ந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். ஒட்டும் நெருப்புப் பட்டதும் அது வெடிக்கும். கழுவி, நீராவி பிடித்து, இதில் அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள்.

ரயரும் ரியூப்பும்

ஓட்டையைத் தேட ரியூப்பில் காற்று ஊதித் தண்ணீரில் அமிழ்த்துவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் ஈரமான உதட்டருகே கொண்டுசென்றால் காற்று தெரியும். ஒட்டுமுன் ரயரின் உட்புறத்தைக் கைவிரலால் அல்ல, துணியால் தடவுங்கள். முள்ளோ ஆணியோ உள்ளேயே இருந்தால் துணி சிக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் நூறு யார் தூரத்தில் மீண்டும் காற்றுப் போகும். அரத்தாளால் தேய்த்து, பசை பூசி, அது ஈரம் காய்ந்து ஒட்டும் பதம் வந்தபின் வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்த ஒட்டு நிற்காது.

பசை இல்லாத வேளையில் சைக்கிள் ரியூப்பை ஓட்டை உள்ள இடத்தில் மடித்து றப்பர்ப் பட்டியால் இறுக்கிக் கட்டினால் மற்றப் பகுதியில் காற்று நிற்கும். ஓட்டம் குலுங்கும், ஆனால் போய்ச் சேரலாம். ரயரின் பக்கம் கிழிந்திருந்தால் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து ரியூப்பை அதன்மேல் போடுங்கள். ரியூப் முற்றாகப் பழுதானால் வைக்கோலை இறுக்கமாக முறுக்கி ரயருக்குள் அடைக்கலாம். சைக்கிளும் பெட்டிச் சில்லும் நடை வேகத்தில் போகும். வேகமாக ஓட்டினால் சூடேறும், ரயரும் கழன்றுவிடும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லுக்கு இம்முறை ஆகாது.

மோட்டார் சைக்கிள்

பிளக் கரிபிடித்திருந்தால் அரத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். அதன் இடைவெளியை அளக்க இரும்பு வெட்டும் வாள் அலகைப் பயன்படுத்தலாம். அலகின் தடிப்பு ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர். பல மோட்டார் சைக்கிள்களின் பிளக் இடைவெளியும் இதற்கு அண்மையானதே.

கிளச் கேபிள் அறுந்தால் நியூட்ரலில் எஞ்சினை இயக்கி, தள்ளி ஓடவிட்டு, முதலாம் கியரைப் போட்டால் வண்டி நகரும். பின்னர் கியர் மாற்றும்போது அக்சிலேற்றரை ஒரு கணம் மூடி மாற்றலாம். சனநடமாட்டம் உள்ள இடத்தில் இப்படி ஓடக் கூடாது. அக்சிலேற்றர் கேபிள் அறுந்தால் காபரேற்றரில் எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் திருகாணியைச் சற்று உயர்த்தி, தாழ்ந்த கியரில் மெதுவாக வாருங்கள். சங்கிலிப் பூட்டை மாட்டும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் கழன்று விழும்.

சேற்றில் புதைந்தால்

உழவு இயந்திரத்தால் மக்கள் இறக்கக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. ஆகவே இப்பகுதியைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பின்சில்லுகள் புதைந்ததும் அவற்றின் குறுக்கே மரக்குற்றியைச் சங்கிலியால் கட்டி ஏற முயல்வோர் உள்ளனர். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். சில்லு சுழல முடியாமல் இறுகும்போது எஞ்சினின் வலு இயந்திரத்தின் முன்பக்கத்தை மேலே தூக்கும். கண்மூடித் திறப்பதற்குள் இயந்திரம் பின்புறமாகப் புரண்டு சாரதியை நசுக்கும். இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டுவதும் இதே ஆபத்தைத் தரும். சங்கிலியை எப்போதும் கீழேயுள்ள இழுவைச் சட்டத்திலேயே கொழுவ வேண்டும். மட்காட்டில் எவரையும் ஏற்றி வைத்திருக்கக் கூடாது.

சரியான வழி வருமாறு: பெட்டியைக் கழற்றுங்கள், பாரத்தை இறக்குங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் சேற்றைத் தோண்டுங்கள். வைக்கோல், சாக்கு, ஓலை ஆகியவற்றை அடியில் பரப்புங்கள். முன்னோக்கி அல்ல, பின்னோக்கி மெதுவாக எடுத்துப் பாருங்கள். பின்னோக்கி வரும்போது முன்பக்கம் தூக்காது. ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கூடும், வெளியே வந்ததும் மீண்டும் அடியுங்கள். இவற்றால் வராவிட்டால் இன்னொரு இயந்திரம் வரும்வரை காத்திருங்கள். கயிறு இழுபடும்போது அதன் நேரே எவரும் நிற்கக் கூடாது.

கைவைத்தியம் கூடாத இடங்கள்

பிறேக்: பிறேக் ஒயில் குறைந்ததென்று எஞ்சின் ஒயிலை ஊற்ற வேண்டாம். உள்ளேயுள்ள றப்பர் வாசர்கள் ஊதிப் பழுதாகி, சில நாட்களில் பிறேக் முற்றாகப் போய்விடும்.

ஸ்ரேறிங்: முறிந்த கம்பியைக் கயிற்றால் கட்டி ஆட்களை ஏற்றக் கூடாது.

பியூஸ்: சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போட்டால் வயர் முழுதும் எரியும். அவசரத்துக்கு ஹோர்ணிலிருந்து அதே அளவுள்ள பியூஸை எடுத்துப் போடுங்கள்.

குளக்கட்டு இறக்கம்: பாரமேற்றிய பெட்டியோடு லான்ட்மாஸ்ரர் இறங்கும்போது பெட்டி பின்னிருந்து தள்ளும். அப்போது இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பிறேக் சந்தேகமாயின் எல்லோரையும் இறக்கி, முதலாம் கியரில், பக்கக் கிளச்சைத் தொடாமல் இறக்குங்கள்.

வீடு வந்தபின்

கைவைத்தியத்தில் மிகப் பெரிய ஆபத்து, அது வேலை செய்துவிடுவதுதான். கட்டியது நிற்கிறதே என்று விட்டுவிடுகிறோம். அடுத்த கிழமை அதே வண்டியை இன்னொருவர் வாடகைக்கு எடுக்கிறார். கட்டு இருப்பது அவருக்குத் தெரியாது. இதனால்தான் உரப்பையில் சிவப்புத் துணி வைக்கச் சொன்னோம். கட்டிய இடத்திலேயே அத்துணியை முடிந்து விடுங்கள். சரியாகத் திருத்திய பின்னரே அவிழ்க்க வேண்டும். வண்டி சங்கத்துக்கோ பல குடும்பங்களுக்கோ பொதுவானதாயின், என்ன பழுது, என்ன செய்தோம், எப்போது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பிலிருந்து காணிக்குப் போகும் பாதையில் வண்டி அடிக்கடி நிற்கும் இடங்கள் எவை? ஏன்?
2. அப்பாதையில் மிதிவெடி அபாயமுள்ள பகுதிகள் எவை? எல்லாச் சாரதிகளுக்கும் அவை தெரியுமா?
3. எம்மிடையே திருத்த வேலை தெரிந்த முதியோர் யார்? அவர்களிடம் இளைஞரும் பெண்களும் கற்பதற்கு ஒரு நாளை ஒதுக்கலாமா?
4. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு திருத்தப் பையை வாங்கினால், அதை யார் வைத்திருப்பது? குறைந்த பொருளை யார் நிரப்புவது?

பெரும்போக உழவு தொடங்குமுன் இக்கேள்விகளைப் பேசி முடித்து, உங்கள் வண்டியில் அந்த உரப்பை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.